கிளம்பிய துறைக்கே திரும்பும் கப்பல்

கப்பலில் போய்வந்தோம் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு ஆயிற்று என்பது. இரண்டாவது, வாந்தி வந்ததா என்பது. இரண்டுக்கும் விடை சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. முதன்முறையாகப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டுமே என்றுதான் இதை எழுத அமர்ந்தோம். எழுதும்போது வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதை விலக்கினால் மீதமிருப்பது விளம்பரத் தாளாகிவிடும் என்பதால் விலக்கவில்லை.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். எங்களோடு வந்த மூன்றாமவர் அம்மா. எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார், இருவருக்குமே அம்மா. வயது 74. 2024 மே மாதம் சிங்கப்பூரில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்த கையோடு, மூன்று இரவுகளில் பினாங்குக்குச் சென்று திரும்பும் கப்பல் ஒன்றில் ஆக மலிவான உள்ளறையைப் பதிவுசெய்தோம். பினாங்கு என்றதும் அம்மா மறுப்பேதும் சொல்லாமல் உடனே சம்மதித்தார். வேறு எதற்கும் அவர் உடனே சம்மதித்ததில்லை. அதை அப்போதே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காண்பது அறைக் கட்டணம் மட்டுமே. துறைமுக வரி அதற்கு மேல். ஊழியர்க்கான சேவைக் கட்டணம் என்று ஓர் இரவுக்கு இத்தனை, ஒரு தலைக்கு இத்தனை என்று கணக்கில் தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். கப்பலில் ஏறும்போது தருகிற அட்டையே அறைச்சாவி, அதுவே பணப்பை. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அட்டையை நீட்டினால் போதும். இணையத்துக்குத் தனிக் கட்டணம். புட்டியில் அடைத்த நீருக்கும், சிறப்பு உணவகங்களுக்கும், ஊர்சுற்றிக் காட்டும் பேருந்துக்கும் அப்படியே. மருத்துவர் இருப்பார், அவரைப் பார்க்கும் கட்டணத்தைக் கேட்டால் பாதி நோய் தானே தீர்ந்துவிடும். ஆகவே பயணக் காப்பீடு இன்றி ஏற வேண்டாம். இறங்கும் நாள் காலையில் எங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தபோது, விளம்பரத்தில் கண்ட விலையைப்போல் ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் சிறிய எழுத்தில் முன்பே அச்சிட்டிருந்தவைதாம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மீண்டும் சிங்கப்பூருக்குள் வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்க்கு விசா விலக்கு அளித்தது. ஆயினும் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியாக வேண்டியிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பம் அதை வரிசையில் நின்றபடியே கைபேசியில் நிரப்பித் தவித்தது.

ஏறியவுடன் எல்லாரும் ஓடுவது உணவுக்கூடத்துக்கு. ஓடத் தேவையில்லை. காலை முதல் நள்ளிரவு வரை ஏதோ ஒரு தளத்தில் சோறு இருந்துகொண்டே இருக்கிறது. சைவ உணவுக்கும் குறைவில்லை. ஆனால் உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைப்பு வரும்போது சலித்துக்கொள்ளாமல் போக வேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின் 1914இல் உருவானது கடற்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. இப்போது கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். அம்மா மிகக் கவனமாகக் கேட்டு, கூடும் இடத்தின் எழுத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

உள்ளறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது சதுர அடிக்கும் குறைவு. இரண்டு கட்டில்கள், மூன்றாவது, மேலேயிருந்து இறக்கிவிடும் பரண். குளியலறையில் திரும்ப வேண்டுமானால் முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டும். சாளரம் இல்லை. தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பலின் முன்புறக் கடலைக் காட்டிக்கொண்டிருக்கும், அதுவே சாளரம். அறை கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளம் ஒன்றில் அமைந்தால் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான நீர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில விடியற்பொழுதுகளில் சுமத்ராவின் பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் எழுவதுண்டு. அவோமின் மாத்திரை வாங்கிப் போயிருந்தோம், பிரிக்கவில்லை. வாந்தி பற்றிய கேள்விக்கு விடை இதுவே.

அம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல பகல் எது, ராத்திரி எது?" என்றார். தூங்குவதற்கு மட்டும்தானே அம்மா என்றோம். விளக்கை அணைத்தால் உள்ளறையின் இருட்டு வீட்டு இருட்டைப் போலிராது. கையை முகத்தருகே கொண்டுவந்தாலும் தெரியாது.

முதல் இரவு மூன்று மணிக்கு விழித்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. அந்தக் கால்மணி நேரத்தை விவரிக்க விருப்பமில்லை. பன்னிரண்டு தளங்கள், ஒரேமாதிரியான நீண்ட நடைகள், இன்னும் ஓயாத சூதாட்டக்கூடம், யாருமற்ற உணவுக்கூடம். கடைசியில், ஊழியர்கள் நீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்த திறந்த மேல்தளத்தில், சாய்வு நாற்காலியில் சால்வையைப் போர்த்தியபடி அமர்ந்திருந்தார். தொலைவில் மற்றக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக நகர்ந்தன.

"ரஜூலாவுல இப்படித்தான்" என்றார்.

1958இல், எட்டு வயதில், தன் தாயோடு ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வந்தவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியும். வீட்டில் அது ஒரு வரிச் செய்தி. அதற்கு மேல் நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன்பின் எம்.வி. சிதம்பரம், 1985இல் அதில் தீப்பற்றியதோடு அந்த வழியும் மூடிப்போயிற்று. ரஜூலாவில் ஏறிய நம்மவர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். அறை கிடையாது. தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியை எல்லையாக வைத்துக்கொண்டால் அதுவே நான்கைந்து நாள் வீடு. தகரத் தட்டோடு சோற்றுக்கு நின்றதையும், மழை வந்தபோது கித்தானுக்கு அடியில் எல்லாரும் ஒடுங்கியதையும், நாகையில் கப்பல் வெகுதூரத்தில் நிற்க, யாரோ ஒருவர் தன்னைத் தூக்கிப் படகில் இறக்கியதையும் அம்மா அன்றிரவு சொன்னார். பெண்ணை உடன்கொண்டு கடல் கடப்பது வழக்கமில்லை என்கிற தொல்காப்பிய விதியை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருகிறோம். அதற்கு மாறாகக் கடல் கடந்து வந்த ஒரு பெண் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மறுநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கப்பல் பினாங்கில், ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் அணைந்தது. இரவு எட்டு மணிக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும். ஆறரை மணி நேரம் என்று காகிதத்தில் தெரியும். அதை நம்பிவிடக்கூடாது. பல ஆயிரம் பேர் ஒரே வாசலில் இறங்குகிறார்கள். கட்டணம் செலுத்திய சுற்றுலாக் குழுக்களுக்கு முன்னுரிமை. பிறகு குடிநுழைவு வரிசை. நாங்கள் தெருவில் கால்வைத்தபோது மணி மூன்றேகால். திரும்பும்போதும் வரிசை இருக்கும் என்பதால் ஏழு மணிக்காவது வந்துவிட வேண்டும். கையில் எஞ்சியது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் கெக் லோக் சி ஆலயம், பினாங்கு மலை, பிறகு குவீன் தெரு மாரியம்மன் கோயில் என்று எங்களிடம் திட்டம் இருந்தது. வாடகை வண்டியையும் பேசிவிட்டோம்.

துறைமுக வாசலிலிருந்து சற்று நடந்தால் வெண்ணிற மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்க, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரத்தில் எழுப்பியது. அம்மா அதன் அருகே நின்றுவிட்டார். வண்டி காத்திருக்கிறது என்றோம். அவர் நகரவில்லை.

"இங்கதான் அப்பா நின்னுச்சு. நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். மணியத்தான் பாத்தேன், அவங்க மூஞ்சி தெரியல."

தாத்தா கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தி. மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, ஓராண்டில் வருவதாகச் சொல்லித் தங்கிவிட்டவர். 1962 வரை கடிதமும் பணமும் வந்தன. அதன்பின் இரண்டும் இல்லை. இறந்தாரா, வேறு குடும்பம் அமைந்ததா, யாருக்கும் தெரியாது. பாட்டி கடைசிவரை பொட்டு வைத்திருந்தார். இதையெல்லாம் மணிக்கூண்டின் கீழே, வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் முழுமையாகக் கேட்டோம்.

வண்டியை அனுப்பிவிட்டோம். அம்மா அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கடைத்தெருவுக்கு நடந்தோம். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை நடத்துகையில் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய ஊர் அது. கையில் கதவெண் இல்லை. கடையின் பெயரும் அம்மாவுக்கு நினைவில்லை. மசாலாக் கடையொன்றில் இருந்த பெரியவரிடம் கேட்டோம். அவர் பொறுமையாக அந்தக் காலத்து மளிகைக் கடைகள் சிலவற்றின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தலையசைத்து, இல்லை என்றார். நாளை வந்தால் தம்மைவிட மூத்தவர் ஒருவரிடம் அழைத்துப்போவதாகப் பெரியவர் சொன்னார். நாளை நாங்கள் கடலில் இருப்போம் என்று அவரிடம் சொல்ல நேர்ந்தது. அப்போது மணி ஆறரை.

மலிவான கப்பல் பயணத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதையே. அறை சிறியது என்பது குறையன்று, பழகிவிடும். உணவும் கூத்தும் தாராளம். கடல் எல்லா வகுப்புக்கும் ஒன்றே. மேல்தளத்துக் காற்றுக்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. அளந்து தரப்படுவது கரையில் கிடைக்கும் பொழுது ஒன்றுதான். ஊரைத் தொட்டுப் பார்க்கலாம், தங்க முடியாது. எதையாவது தேடிப் போகிறவர்களுக்கு இது ஏற்ற வண்டியன்று. உடன் வருகிறவர் எதையாவது தேடி வருகிறாரா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் விலையை ஒப்பிட மூன்று வாரம் செலவிட்டோம். அந்தக் கேள்விக்கு மூன்று நிமிடம் ஒதுக்கவில்லை.

மூன்றாம் நாள் முழுவதும் கடல். அம்மா பெரும்பொழுதும் மேல்தளத்திலேயே இருந்தார். எங்கள் அறையைத் துப்புரவு செய்த இளைஞர் மேடான்காரர். எட்டு மாத ஒப்பந்தம், ஆறாவது மாதம் நடக்கிறது. கப்பல் பினாங்குக்குப் போகும்போது இடப்பக்கமும், திரும்பும்போது வலப்பக்கமும் தன் ஊர் இருக்கிறது, பார்வைக்குத்தான் எட்டாது என்று சிரித்தபடி சொன்னார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தோம். அவர் தன் சுருக்குப்பையிலிருந்து ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, வீட்டுக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள் என்றார். இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பதை நாங்கள் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி இரவு பெட்டிகளில் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் துறையில் எடுத்துக்கொள்ளலாம். மாற்றுடையையும் மருந்தையும் கடவுச்சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ள மறக்கக்கூடாது. அம்மா தன் பெட்டியை வெளியே வைக்க இசையவில்லை. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தார்.

காலையில் சிங்கப்பூரின் கட்டடங்கள் தெரிந்தபோது, "கிளம்பின எடத்துக்கே வந்துட்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். நாங்கள் இறங்கும்போதே, பிற்பகலில் ஏறப்போகிறவர்களுக்காகப் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வரும் விடுமுறையில் மூவரும் பினாங்குக்கு விமானத்தில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். பத்து நாள். செலவு அதிகந்தான். இம்முறை திட்டம் எதையும் போடாமல், முதலில் எங்கே போகலாம் என்று அம்மாவிடமே கேட்டோம்.

"மொதல்ல மணிக்கூண்டு. அப்பறம் அந்தக் கடைக்காரரு சொன்னாரே, அந்தப் பெரியவரு இன்னும் இருக்காரான்னு பாப்போம்" என்றார்.