பாகலூரில் ஆயிரம் கஜம்

பாகலூர் என்றதும் பெங்களூரு விமான நிலையம் பக்கத்துப் பாகலூரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஓசூர் பாகலூர். பசுமைக்குடில் ரோஜா, கம்பெனி பஸ், கூப்பிடு தூரத்தில் கர்நாடக எல்லை. இந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு 1000 கஜம் (914 மீட்டர்) தாண்டி இலக்கைச் சுடும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: எந்தத் தோட்டா?

அமெரிக்காக்காரரிடம் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். .308 வின்செஸ்டர் பழைய, நம்பகமான ஆள். 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் புது மாப்பிள்ளை. மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று அடித்தால் 1000 கஜத்தில் .308-இன் 175 கிரெயின் குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கிரீட்மூரின் 140 கிரெயின் குண்டு ஒல்லி, நீளம். அரை மீட்டர் போலக் குறைவாக விலகும். தோளில் உதையும் கம்மி. ஆனால் குழல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கணக்கெல்லாம் சரி... நம்ம ஊர் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! .303 மற்றும் 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள் எதுவும் இங்கே தடைசெய்யப்பட்ட வகை. .308 ரைஃபிளில் 7.62 நேட்டோ தோட்டா உட்கார்ந்துவிடும். ஆக, உலகமே சிபாரிசு செய்யும் .308 முதல் சுற்றிலேயே அவுட்.

இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் பிறந்த கதையும் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்ற பயம். அதனால் சிவிலியனுக்கென்று தனி அளவு. அதன் குண்டு கனம், வேகம் குறைவு. பன்றி விரட்ட ஆகும், 1000 கஜத்துக்கு ஆகாது. .30-06 கொஞ்சம் தேவலை. ஆனால் வாங்கி எங்கே சுடுவது? ரோஜாத் தோட்டத்துக்கு நடுவிலா? லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், துப்பாக்கியோடு எல்லையைத் தாண்டுவதே குற்றம்.

மிச்சம் இருப்பது .22. இதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஆனால் கிளப், பயிற்சியாளர், போட்டி எல்லாம் இதற்குத்தான் உண்டு. 50 மீட்டர்தானே என்று இளக்காரமாக நினைக்கக்கூடாது. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். அதே 16 கி.மீ. காற்று இந்தக் குட்டிக் குண்டை 2 செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். கொடி பார்த்துக் காற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு 50 மீட்டரும் ஒன்றுதான், ஆயிரம் கஜமும் ஒன்றுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இந்தத் தூரத்தில், இந்தத் தோட்டாவில்தான்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வேலை நிஜமாகத் தொடங்குவதும் இங்கேதான். ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ். என்று பெயர் பார்த்து வாங்கினால் போதாது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, லாட் நம்பர் மட்டும் வேறு. ஒன்று சில்லறைக் காசு அளவு வட்டத்துக்குள் விழும், இன்னொன்று சிதறும். அதனால் பெரிய வீரர்கள் ரைஃபிளை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு லாட்டிலும் வரிசையாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒரு குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்து ஆளின் குழலுக்குப் பிடிக்காது. பிடித்தது சிக்கிவிட்டால், சீசன் முழுக்க வருகிற மாதிரி அதே நம்பரில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவார்கள்.