அம்மாவின் மிளகாய் பஜ்ஜி

யூடியூப்பில் மிளகாய் பஜ்ஜிக்கு எத்தனையோ செய்முறை இருக்கு. அம்மாவுக்கு ஒண்டும் தேவையில்லை. 1990இல் கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் வளர்ந்தவ. தள்ளுவண்டியில் வாங்கித் திண்ட ருசி இன்னும் நினைவில் இருக்கு.

பஜ்ஜி மிளகாய்க்குப் பதிலாக இங்கே கறிமிளகாய். கீறி, விதை எடுத்து, உள்ளே புளியும் உப்பும் தடவுவா. கடலைமாவோடு கொஞ்சம் அரிசிமா, ஓமம். அரிசிமா சேர்த்தால்தான் மொறுமொறுப்பு. கரைசல் தண்ணியானால் மிளகாயில் ஒட்டாது.

நாங்கள் அதை 'இந்தியச் சாப்பாடு' எண்டுறம். அம்மாவுக்கு அது சின்ன வயசுச் சாப்பாடு. அங்கே அவ 'சிலோன்காரி'. ஊர் திரும்பினபிறகு 'இந்தியாவில இருந்து வந்தவ'. யாழ்ப்பாணச் சமையல் எண்டு ஒடியல் கூழை மட்டும் எழுதினால் போதாது. முகாமில் பழகின ருசியும் இப்ப எங்கட அடுப்பிலதான் வேகுது.