பிரேக் ஆயில் என்பது ஆயில் இல்லை

நீங்க யாராவது புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தா, மாப்பிள்ளை அழைப்புக்கு வர்ற ஓப்பன் காரைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அது பழைய காரோட கூரையை வெட்டி எடுத்து, சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் போட்டு, சுத்தி சீரியல் பல்பு கட்டின வண்டியா இருக்கும். கூரையே இல்லாததால கூரையில ரிப்பேரும் இல்லை. மழை வந்தா மாப்பிள்ளை நனைவார், அவ்வளவுதான்.

என் மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) அது போதல. அறந்தாங்கியில அவருக்குப் பந்தல், சேர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுற தொழில். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொச்சியில இருந்து ஒரு புரோக்கர் மூலமா செகண்ட் ஹேண்டுல ஒரு வெளிநாட்டு கன்வர்ட்டிபிள் வாங்கினார். நிஜ கன்வர்ட்டிபிள். பட்டனை அமுக்கினா டிக்கி மூடி தானா எழுந்து நிக்கும், துணிக்கூரை மடிஞ்சு உள்ளே போகும், மூடி மறுபடி படுத்துக்கும். கம்பெனி பேரு வேண்டாம், வண்டி மேல தப்பு இல்லை. அது வந்த அன்னிக்குத் தெருவே கூடி நின்னு இருபது தடவை கூரையைத் திறந்து மூடச் சொன்னது. பாதிப் பணம் கடன். அதுக்கு அத்தையோட நகை அடகுல இருந்தது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

போன வருஷம் வைகாசியில ஒரு கல்யாணம். கூரையை மடிச்சு, பொண்ணு மாப்பிள்ளையைப் பின்சீட்டு மேல உட்கார வச்சு ஊர்வலம். இறங்கும்போது பார்த்தா பொண்ணோட பட்டுச்சேலை முந்தானையில உள்ளங்கை அளவுக்குப் பச்சையா ஒரு கறை. பொண்ணு வீட்டுக்காரங்க மண்டபத்து வாசல்லயே பிடிச்சுக்கிட்டாங்க. வாடகையையும் விட்டு, கையில இருந்து சேலைக்கும் கொடுத்துட்டு மாமா வந்தார். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, கூரை மூடியிருக்கும்போது அவர் நெத்தியில சொட்டு சொட்டா ஏதோ விழுந்திருக்கு. மாலையில தெளிச்ச தண்ணின்னு நினைச்சுத் துடைச்சிருக்கார்.

நான் அப்போ மூணாம் வருஷம் முடிச்சு லீவுல இருந்தேன். மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அண்டு மெஷினரி பேப்பர்ல நல்ல கிரேடு வேற. "மாப்ள, நீதான் இஞ்சினியராச்சே, என்னன்னு பாரு"ன்னு சாவியை நீட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கெத்து இருக்கே!

விஷயம் எனக்குத் தெரிஞ்சதுதான். டிக்கிக்குள்ள ஓரமா ஒரு சின்ன மோட்டார், அதோட ஒரு பம்ப், ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அங்கிருந்து பென்சில் தடிமன்கூட இல்லாத ஓஸ்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகுது. அந்த வண்டியில மொத்தம் ஏழு சிலிண்டர். கூரைச் சட்டத்துக்கு ரெண்டு, பின்வளைவுக்கு ரெண்டு, டிக்கி மூடிக்கு ரெண்டு, முன்கண்ணாடி மேல கூரையைப் பூட்டுற கொக்கிக்கு ஒண்ணு. 1989-ல வந்த பென்ஸ் எஸ்.எல். மாடல்ல கூரைக்கு மட்டும் பத்துக்கு மேல சிலிண்டர் உண்டு, அதோட ஒப்பிட்டா இது எளிமை. பாஸ்கல் விதி, 1795-ல பிராமா காப்புரிமை வாங்கின ஹைட்ராலிக் பிரஸ், எல்லாம் பரீட்சையில எழுதினதுதான். இதெல்லாம் மனசுக்குள்ள ஓட, தொட்டியைப் பார்த்தேன். அளவு குறைஞ்சிருந்தது. சரி, ஊத்தணும். எதை?

யூடியூப்ல தேடினேன். ஒரு அமெரிக்கத் தாத்தா, தன்னோட பழைய கன்வர்ட்டிபிள்ல பிரேக் ஃப்ளூயிட் ஊத்திக் காட்டினார். அவர் சொன்னது பொய்யில்லை. 1939-ல பிளைமவுத்தோட தானியங்கிக் கூரை வேக்குவத்துல ஓடிச்சு. அப்புறம் 1940கள்ல வந்த ஹைட்ராலிக் கூரைகள் பலதுல பிரேக் ஃப்ளூயிட்தான். ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வச்சதாலயும், ஒழுகினா பெயிண்டை உரிச்சதாலயும் பின்னாடி எண்ணெய்க்கு மாறிட்டாங்க. வீடியோவை முழுசாப் பார்த்திருந்தா அதையும் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் நாலு நிமிஷத்துல நிறுத்திட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில "பிரேக் ஆயில்" கேட்டேன், கொடுத்தாங்க. இங்கதான் கவனிங்க. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு ஃப்ளூயிட். நம்ம ஊர்ல கடைக்காரர்ல இருந்து மெக்கானிக் வரைக்கும் பிரேக் ஆயில்னுதான் சொல்வாங்க. ஆனா டப்பாவுல டாட் 3, டாட் 4னு போட்டு விக்கிறது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகை திரவம், தண்ணியோட கலந்துடும். தொட்டியில பச்சையா ஒரு ஆயில் இருக்கு, இதுவும் ஆயில், ஆயிலோட ஆயிலைக் கலந்தா என்னன்னு ஊத்திட்டேன். பள்ளிக்கூடத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் தமிழ்ப்பேரை நம்பி ஏமாந்த கதை இது.

கூரை வேலை செஞ்சது! நல்லாவே வேலை செஞ்சது. அத்தை பிரியாணி போட்டாங்க. ஓர வாசர்ல கொஞ்சம் துடைச்சுவிட்டு, சொட்டு நின்ன மாதிரி இருக்குன்னு நானே சான்றிதழ் கொடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன்.

மூணு வாரத்துல மாமா போன். ஒரு இடத்துல ஒழுகினது இப்போ நாலு இடத்துல ஒழுகுது. ஆனி மாசத்துல ஒரு ஊர்வலத்துக்கு நடுவுல டிக்கி மூடி பாதியில நின்னு, மெதுவா இறங்கி, கை வச்சிருந்த டிரைவர் பையன் ஒரு நொடி தாமதிச்சிருந்தா விரல் போயிருக்கும். பிரஷர் இல்லைன்னா அந்த மூடியைத் தாங்க வேற எதுவும் கிடையாது. அதுக்கப்புறம் மாமா வந்த புக்கிங்கை எல்லாம் வேண்டாம்னுட்டார். மதுரையில ஒரு சர்வீஸ் சென்டர்ல கேட்டதுக்கு, சிலிண்டர் தனியா வராது, ஓஸோட சேர்த்து செட்டாத்தான் வரும்னு சொல்லி, ஒரு டிராக்டர் டிரைலர் வாங்குற அளவுக்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. வட்டி மாசாமாசம் போய்க்கிட்டே இருந்தது.

ஆடி பொறந்தது. கல்யாணம் இல்லாத மாசம். யாரோ சொல்லி, புதுக்கோட்டையில இருந்து திருமயம் போற ரோட்டுல டிப்பர் ஜாக்கி ரிப்பேர் பண்ற ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நம்ம மாவட்டத்துல கல்குவாரிகளும் கிரஷரும் இருக்கிறதால அந்தப் பட்டறை வாசல்ல எப்பவும் நாலு டிப்பர் நிக்கும். பட்டறைக்காரரை எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க. அறுபது வயசு இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல்ல நுனி இல்லை. டிப்பருக்கு நடுவுல நம்ம குட்டிக் காரு, யானைக் கூட்டத்துல வந்த கன்னுக்குட்டி மாதிரி நின்னது. பாய் சுத்திவந்து பார்த்துட்டு, "இதுவும் ஜாக்கிதானே, சின்ன ஜாக்கி"ன்னார்.

முதல்ல அவர் செஞ்சது, டிக்கி மூடியைத் தூக்கி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தது. அப்புறம் தொட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு சிரிஞ்சுல கொஞ்சம் உறிஞ்சி, எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி எடுத்து அதுல விட்டார். பச்சையா ஒரு படலம் மேல மிதந்தது. மீதி, பால் கரையுற மாதிரி தண்ணிக்குள்ள இறங்கி மறைஞ்சு போச்சு.

மாமா அப்போ டீ வாங்கப் போயிருந்தார்.

"இதுல பிரேக் ஆயில் ஊத்துனது யாரு?"

நான் டம்ளரையே பார்த்துக்கிட்டு நின்னேன். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. "நான்தான் பாய்"னேன்.

அவர் திட்டல. ஒரு சிலிண்டரைக் கழட்டி, ராடை வெளியே இழுத்து, சீலை எடுத்து என் கையில வச்சார். சூயிங் கம் மாதிரி இழுபட்டது. எண்ணெய்க்குன்னு செய்யுற சீல் வேற, பிரேக்குக்குன்னு செய்யுற ரப்பர் வேற. எண்ணெய் சீல்ல பிரேக் ஃப்ளூயிட் பட்டா ஊறி, இளகிக் கெட்டுடும். மாத்தி, பிரேக் ரப்பர்ல எண்ணெய் பட்டா அதுவும் உப்பிப் போகும். இது மெட்டீரியல்ஸ் பாடத்துல ஒரு அட்டவணையா இருந்தது. மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்த அட்டவணை.

மாமா டீயோட வந்து, "என்ன பாய், என்ன கோளாறு?"ன்னார். பாய் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பழைய சீலு. எல்லாம் மாத்தணும்."

அதுக்கப்புறம் ஒன்பது நாள் நான் அந்தப் பட்டறைக்குத் தினமும் போனேன். ஏழு சிலிண்டரையும், பம்பையும் கழட்டினோம். ஓஸ் ஒவ்வொண்ணுலயும் புது ஆயிலை விட்டு, டம்ளர் தண்ணியில எதுவும் கரையாத வரைக்கும் கழுவினோம். சின்ன சிலிண்டர்ங்கிறதால கடையில ரெடியா சீல் கிடையாது. வெர்னியர்ல அளவெடுத்து, திருச்சியில அளவுக்குக் கடைஞ்சு தர்ற ஒரு கடைக்கு அனுப்பினோம். காலேஜ் லேப்ல வெர்னியர் ரீடிங்கைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின ஆள் நான். இங்க காப்பியடிக்க யாரும் இல்லை. மூணு தடவை அளந்தேன்.

முதல் ஒழுகல் எங்கேன்னு கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புது சீல் எல்லாம் போட்டுச் சேர்த்ததும், முன்கொக்கி சிலிண்டர்ல மட்டும் பழைய ஓஸே இருந்தது. பாய் எல்லா இணைப்பையும் துணியால துடைச்சு, மேல முகப்பவுடர் தூவச் சொன்னார். கூரையை நாலு தடவை ஏத்தி இறக்கினோம். பவுடர்ல ஒரு ஈரக்கோடு. ஓஸ் சட்டத்தோட மடியுற இடத்துல மயிரிழை அளவு வெடிப்பு. அங்கே கசிஞ்ச எண்ணெய், கூரை மூடியிருந்தா சட்டத்தோட சரிவுல முன்னாடி ஓடி மாமா நெத்தியில சொட்டியிருக்கு. மடிஞ்சிருந்தா பின்னாடி வழிஞ்சு சேலையில. ரெண்டு இடத்தையும் நான் தேய்ச்சுத் தேய்ச்சுத் துடைச்சிருக்கேன். ரெண்டும் ஒழுகுற இடமே இல்லை.

ஈரக்கோட்டைப் பார்த்த சந்தோஷத்துல மோட்டார் ஓடும்போதே விரலை வச்சுத் தடவப் போனேன். பாய் என் மணிக்கட்டைப் பிடிச்ச பிடி ரெண்டு நாள் வலிச்சது. அப்போதான் அவர் விரல் கதை தெரிஞ்சது. இருபது வருஷம் முன்னாடி ஒரு டிப்பர் ஓஸ்ல ஊசித்துளை, கையால தடவிப் பார்த்திருக்கார். கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி, வலிகூட இல்லை. துடைச்சுட்டு வேலையைப் பார்த்திருக்கார். ராத்திரி விரல் வீங்கிக் கருத்துப் போச்சு.

மெக்கானிக்கல் பசங்க இதை மட்டும் தயவுசெஞ்சு படிங்க. கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம். ஹைட்ராலிக் ஓஸ்ல நூறு பாருக்கு மேல போகும். ஊசித்துளை வழியா வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளே போய் சதையைக் கெடுக்கும். வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அப்படிப் பட்டா, காயம் சின்னதா இருக்கேன்னு வீட்டுக்குப் போகாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிடுச்சு"ன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். ஒழுகலைத் தேட ஒரு அட்டைத்துண்டு போதும், அதைக் காட்டினா எண்ணெய் அதுல விழும். இது எங்க சிலபஸ்ல எந்த யூனிட்லயும் நான் பார்த்ததில்லை.

ஓஸ் மாத்தி, தொட்டியில வண்டிப் புத்தகத்துல சொன்ன பச்சை ஆயிலை விட்டு, காத்து வெளியேறுற வரைக்கும் கூரையை மெதுவா ஏத்தி இறக்கினோம். மொத்தச் செலவு மதுரை எஸ்டிமேட்ல பத்துல ஒரு பங்குகூட வரல. கிளம்பும்போது பாய் என்கிட்ட ஒண்ணுதான் சொன்னார்: "அவருகிட்ட நீயே சொல்லிரு தம்பி."

சொல்லல. மாமா வழியெல்லாம், பார்க்கிறவங்ககிட்ட எல்லாம், "எம் மாப்ள கூட இருந்து செஞ்சான்"னு சொல்லிக்கிட்டே வந்தார். எப்படிச் சொல்றது?

ஆவணி முதல் முகூர்த்தம். ஆலங்குடி பக்கம் ஊர்வலம். நான் முன்சீட்டுல ஒரு அட்டையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. பொண்ணு மாப்பிள்ளையை இறக்கிவிட்டுட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டு பேரும் கூரையைத் திறந்தபடியே அறந்தாங்கிக்குத் திரும்பினோம். சீட்டெல்லாம் உதிர்ந்த ரோஜா. அப்போதான் சொன்னேன். வீடியோ, பஸ் ஸ்டாண்டு கடை, டம்ளர், எல்லாத்தையும். மாமா ஒண்ணும் பேசல. ரெண்டு ஊர் தாண்டியிருக்கும்.

"எம்புட்டு ஊத்துன?"

"கால் லிட்டர், மாமா."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். காத்துல மண்வாசனை வந்தது.

வண்டியை ஓரமா நிறுத்தினார். "தூறல் போடுது. கூரையை மூடு."

பட்டனை நான்தான் அமுக்கினேன்.