அலமாரிக்குள் இருக்கும் வண்ணம்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மில் பலருக்கு அந்தப் பாதி ஆடையும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்ற மூன்று நிறங்களுக்குள் அடங்கிவிடுகிறது. விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து ஒருமுறை முன்னால் பாருங்கள். நான் சொல்வது உண்மையா இல்லையா என்பது புரியும்.

கடந்த பருவ விடுமுறையில் ஈப்போவுக்குத் திரும்பியிருந்தபோது என் உடைகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31. கறுப்பு 12, வெள்ளை 8, சாம்பல் 6, கருநீலம் 3. மீதி இரண்டில் ஒன்று தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் பஞ்சாபி உடை. மற்றொன்று கல்லுமலைத் தைப்பூசத்திற்குக் கட்டும் மஞ்சள் சேலை. அதாவது, ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் எனக்கு வண்ணம். மற்ற நாளெல்லாம் நிழல்தான்.

இதற்குக் காரணங்கள் உண்டு. கல்விக் கடனில் மாதத்தை ஓட்டுகிற மாணவிக்குக் கறுப்புக் காற்சட்டை ஒன்று நான்கு சட்டைகளுக்குப் பொருந்தும். படைப்புக்கும் நேர்காணலுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம். அழுக்கு தெரியாது. 'நேற்றும் இதைத்தானே போட்டாய்?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தாம்.

ஆனால், சொல்லப்படாத காரணம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் கருநீலப் பினஃபோர் சீருடையைக் கழற்றியதும் கிளிப்பச்சைப் பாவாடை கட்டி மேடையில் ஆடியவள் நான். அங்கே எல்லாரும் நம் நிறம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது சீருடை வெளிர்நீலமாக மாறியது. வகுப்பில் 35 பேர், தமிழர் நால்வர். புற நடவடிக்கை நாள்களில் சொந்த உடை அணியலாம் என்றால், எல்லாருடைய கண்ணும் படாத உடையையே கை தேடியது. அந்த ஆண்டு தீபாவளிக்குத் துணியெடுக்கப் போன கடையில், மாம்பழ மஞ்சள் துணியை நான் தொட்டதும் விற்பனையாளர் ஒருவர், "உங்க கலருக்கு இது எடுக்காதும்மா, டல்லா ஏதாச்சும் பாருங்க" என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இந்த வாசகத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் கேட்காத தமிழ்ப் பெண் நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்?

நிறம் 'எடுப்பது', 'எடுக்காதது' என்பதெல்லாம் உண்மையா? இதைப் பற்றித் தேடிப் படித்தபோது பிரெஞ்சு வேதியியலறிஞர் ஒருவரின் கதை கிடைத்தது. அவர் பெயர் மிஷெல் எழேன் ஷெவ்ரல். 1824ஆம் ஆண்டு பாரிசில் உள்ள கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கு நெய்யப்படும் சித்திரத் துணிகளில் கறுப்பு நூல் சரியாக எடுபடவில்லை, சாயத்தில் குறை இருக்கிறது என்பது அவருக்கு வந்த புகார்களுள் ஒன்று. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தாம் அதை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதை விளக்கி 1839இல் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

குறை கறுப்பில் இல்லை! இந்த ஒரு செய்தியை அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

நம் நெசவாளர்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை, கைப்பழக்கம். காஞ்சிபுரத்துப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதற்கு நேர்மாறான நிறம் என்று தனித்தனியாக நெய்து கோர்த்து இணைப்பதைக் 'கோர்வை' என்கிறார்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்தால், அசையும்போது நிறம் மாறுகிற மயில்கழுத்து கிடைக்கிறது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நீலம், 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் பெற்றுவிட்டது. அரக்கு, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று நிறத்திற்குப் பெயர் வைக்கும்போதே பொருளைக் கண்முன் நிறுத்தும் மொழி நம்முடையது. இத்தனை பெயர் வைத்திருக்கும் இனத்தின் பிள்ளை ஏன் சாம்பலுக்குள் அடங்க வேண்டும்?

சரி, வண்ணத்திற்கு எங்கே போவது? ஜாலான் லாஹாட் துணிக்கடைகளுக்குப் போகப் பணம் வேண்டும். ஆகவே, புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. வீட்டில் இருப்பதை வைத்தே பார்ப்பது என்று முடிவெடுத்தேன். என் அலமாரியை மூடிவிட்டுப் பாட்டியின் தகரப்பெட்டியைத் திறந்தேன்.

பாட்டி, அம்மாவைப் பெற்றவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் முதல் கன்றுகள் நடப்பட்டு, பின்னர் பேராக் முழுதும் பரவிய அந்த மரம், எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியானபோது, குடும்பம் ஈப்போ புந்தோங்கிற்கு வந்து சேர்ந்தது. அப்போது லாரியில் ஏறி வந்த பொருள்களில் ஒன்று இந்தப் பெட்டி.

பெட்டிக்குள் 19 சேலைகள் இருந்தன. வாயில், நைலெக்ஸ், இரண்டு பட்டு. கத்தரிப்பூ, அரக்கு, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள்! வெளிர் நிறச் சேலையில் மட்டுமே நான் பார்த்திருக்கும் பாட்டியிடம் இத்தனை வண்ணமா?

"வேலைக்குப் போறப்ப என்னா பாட்டி கட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்கா? தாத்தாவோட பழைய நீளக்கை சட்டை, கிழிஞ்ச கைலி, தலையில ஒரு துண்டு. பால் பட்ட துணியில கலரு ஏது கண்ணு? நாலே நாள்ல கறுத்துப் போயிரும்" என்றார்.

ரப்பர்ப் பால் துணியில் பட்டு உறைந்துவிட்டால் சவர்க்காரத்திற்கு அசையாது. நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டு, நாளடைவில் பழுப்பாகிப் பின் கறுத்துவிடும். குளிர்ச்சியான விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டிலேயே பெரட்டுக்குப் போக வேண்டும். கொசுக்கடிக்காகக் கை, கால் மூட வேண்டும். ஆகவே, வீட்டிலேயே மிகப் பழைய துணி எதுவோ அதுதான் வேலைத்துணி. என் கறுப்புச் சட்டை நான் தேர்ந்தெடுத்தது. பாட்டியின் கறுப்பு அவர்மேல் ஒட்டிய பால்.

வண்ணத்தை அவர் வேறு எங்கோ சேர்த்து வைத்திருக்கிறார். சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்திற்கு வரும் வியாபாரியிடம் கடனுக்கு எடுத்து, சம்பள நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய சேலைகள் இவை. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. ஒவ்வொரு சேலைக்கும் அவரிடம் ஓர் ஆண்டும் ஒரு காரணமும் இருந்தன. தாத்தா இறந்த பிறகு பெட்டி மூடப்பட்டுவிட்டது.

"யாராச்சும் கட்டக்கூடாதுன்னு சொன்னாங்களா பாட்டி?"

"யாரும் சொல்லலைம்மா. நானேதான் விட்டுட்டேன்" என்றவர், சற்று நேரம் கழித்து, "எடுத்துக்க. பூச்சி அரிக்கிறதுக்கு நீ போட்டா சந்தோசம்" என்றார்.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, எதையும் வெட்டுமுன் பிரித்து வைத்தேன். பாட்டியின் கூறைப்பட்டும் அம்மாவின் வளைகாப்புச் சேலையும் தொடக்கூடாதவை. பட்டு ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். அவற்றைப் பிரித்து, வேறு மடிப்பாக மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்தோம். ஏற்கெனவே கிழிந்த வாயில் சேலைகள் நான்கை மட்டுமே தைப்பதற்கு எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, முகத்திற்கு அருகில் வண்ணம். ஒரு சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். கிழிந்த பகுதிகளைக் கழித்தாலும் இரண்டு ஷால்கள் தாராளமாகக் கிடைக்கும். கறுப்புச் சட்டைக்கு மேல் மாம்பழ மஞ்சள் ஷால் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். எடுக்காது என்று சொன்னார்களே, அந்த மஞ்சள்தான்! ஷெவ்ரலை நினைத்துக்கொண்டேன். கறுப்பும் எடுத்தது, மஞ்சளும் எடுத்தது, நானும் எடுத்தேன்.

மூன்றாவது, கரை. அரக்குக் கரையைப் பிரித்துச் சாம்பல் நிற நீளச்சட்டையின் கையிலும் அடியிலும் வைத்துத் தைத்தேன். அம்மாவின் சிங்கர் தையல் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. இங்கே ஒரு கவனம் வேண்டும். பழைய சேலையில் சாயம் போகலாம். ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள்.

நான்காவது, சாயம் தோய்த்தல். வெள்ளைச் சட்டைகளின் உள்ளே இருக்கும் முத்திரையைப் படியுங்கள். முழுப் பருத்தியா, பாலியெஸ்டர் கலப்பா? பருத்திக்கான சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. கலப்புத் துணியைத் தோய்த்தால் வெளிறித்தான் போகும். என்னிடம் இருந்த எட்டில் இரண்டே முழுப் பருத்தி. ஒன்றை நீலத்தில் தோய்த்தேன். மஞ்சள்தூளிலும் தோய்க்கலாம், ஆனால் வெயிலில் விரைவில் வெளுக்கும். சவர்க்காரம் பட்டால் சிவக்கவும் செய்யும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவக்கிறதே, அதே வேதியியல்தான்.

ஐந்தாவது, தையலே தேவையில்லாத வழி. தீபாவளி உடைகளைப் பிரித்துப் போடுவது. சிவப்புப் பஞ்சாபி உடையின் மேற்சட்டையைக் கருநீலக் காற்சட்டையோடு போட்டால் அது விழா உடை இல்லை. விரிவுரைக்கு ஏற்ற உடை. மூன்று பஞ்சாபி உடை வைத்திருக்கும் தோழியர் இருவர் ஷால்களை மாற்றிக்கொண்டாலே ஒரு மாதம் ஓட்டலாம்.

மொத்தச் செலவு நூல், சாயம், ஊசி எல்லாம் சேர்த்து 23 வெள்ளி. கறுப்பையும் சாம்பலையும் நான் தூக்கி எறியவில்லை. மஞ்சளைத் தாங்கிப் பிடிக்க அவை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வண்ணம், மற்றவை அமைதியாக இருக்கட்டும். இதுதான் நான் கண்ட சூத்திரம்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, தைத்து மிஞ்சிய துண்டுகளைப் பாட்டி மடியில் போட்டு வருடிக்கொண்டிருந்தார். அரக்குக் கரை மூன்று மீட்டருக்கு மேல் மிஞ்சியிருந்தது. தம்முடைய சந்தன நிறச் சேலையை எடுத்து வந்து, அந்தக் கரையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார்.

"இது ரொம்ப பளிச்சுன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியும் பாட்டி" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு பக்கம் மட்டும் வச்சுத் தைச்சுக் கொடு. கொசுவத்துக்குள்ள போற இடத்துல வேணாம். முந்தியில போதும்" என்றார். அன்றிரவே தைத்துக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

அன்புத் தோழர்களே! 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லி வளர்த்தவர்கள் நம் தோட்டப்புறத்து மூத்தவர்கள். அவர்களுடைய பெட்டிகள் இன்னும் நம் வீடுகளின் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைத் திறந்து பாருங்கள். மூத்த பட்டதாரிகளான அண்ணன்மார், அக்காமார் வீடுகளிலும் ஒன்று இருக்கும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் உரியவரிடம் கேளுங்கள். அவர் அந்தச் சேலையை எந்த ஆண்டு, எந்தச் சம்பளத்தில் எடுத்தார் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.