காத்திருக்கும் மது

மதுவைப் பற்றி நான் எழுதுவதா என்று என்னை அறிந்தோர் நகைக்கக்கூடும். கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பத்திற் பிறந்தவன் நான். எனினும் இத்தாலி தேசத்திலே ஓர் ஐப்பசி மாதத்தில் நான் கண்டவற்றைச் சொல்லாதிருக்க மனம் இடந்தரவில்லை. அங்கே என் நெஞ்சைத் தொட்டது மதுவன்று. அதனை ஆக்கிய சிறு கமக்காரரின் கதையே.

என் தம்பியின் மகன் தூரின் நகரிலே தொழில் புரிகின்றான். "பெரியப்பா, ஒருநாள் லாங்கே குன்றுகளைப் பார்த்து வருவோம், நீங்கள் குடிக்க வேண்டாம், பார்த்தாற் போதும்" என்று கூறி என்னை அழைத்துச் சென்றான். தூரின் நகரைத் தலைநகராகக் கொண்ட அம்மாகாணத்தின் பெயர் பியெமொந்தே. மலையின் அடிவாரம் என்பது அச்சொல்லின் பொருள். மேற்கிலும் வடக்கிலும் ஆல்ப்ஸ் மலைகள் வெண்பனி சூடி நிற்கின்றன. தெற்கே அல்பா என்னும் சிறு பட்டினத்தைச் சுற்றி, தானரோ நதியின் கரையிலே, அலையலையாக எழுந்து நிற்பவை லாங்கே குன்றுகள். திராட்சை என்றும் முந்திரிகை என்றும் நாம் வழங்கும் கொடியே அக்குன்றுகளின் செல்வம்.

அம்மாகாணத்து மதுக்கள் பல. அஸ்தி நகரைச் சூழ்ந்த பகுதியிலே மொஸ்காத்தோ என்னும் வெண்பழத்திலிருந்து இனிப்பும் நுரையும் உடைய இலேசான மது பிறக்கின்றது. அதில் மதுசாரம் நூற்றுக்கு 5 பங்கு அளவிலேயே உண்டு. தொல்சேத்தோ, பார்பேரா என்னும் கரும்பழங்களின் மதுக்கள் ஊரவர் நாளாந்தம் உணவோடு கொள்பவை. இவற்றுக்கெல்லாம் மேலாக வைத்து எண்ணப்படுவது நெபியோலோ. மூடுபனியைக் குறிக்கும் நெபியா என்ற சொல்லோடு இப்பெயரை இணைத்துச் சொல்வர். நாங்கள் சென்ற காலையிலும் பள்ளத்தாக்கு முழுவதையும் பனி மூடியிருந்தது. குன்றுகளின் முடிகள் மாத்திரம் கடலிலே தீவுகள் போலத் தோன்றின.

நெபியோலோ பிடிவாதமுள்ள பயிர். ஏனைய கொடிகளுக்கு முன்னே துளிர்க்கும். எல்லாவற்றுக்கும் பின்னே பழுக்கும். தெற்கு நோக்கிய நல்ல சரிவு கிடையாவிடிற் செவ்வையாகப் பழுக்காது. அதன் மதுவோ பார்வைக்கு வெளிறிய சிவப்பு. நாவுக்கு இளம்பாக்கை மென்றாற்போன்ற கடுந்துவர்ப்பு. அத்துவர்ப்புத் தணிய ஆண்டுகள் செல்ல வேண்டும். இக்கொடியிலிருந்து பிறக்கும் இரு பெரும் மதுக்களே பரோலோவும் பார்பரெஸ்கோவும். பரோலோ 38 மாதங்கள் கிடக்க வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாவிலே கழிய வேண்டும் என்பது சட்டம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள். அவற்றுள் 9 மாதங்கள் பீப்பாவில். றிசேர்வா என்னும் சிறப்புப் பெயர் பெறுவதாயின் முன்னையது 62 மாதங்களும் பின்னையது 50 மாதங்களும் காத்திருத்தல் வேண்டும்.

இந்தக் கணக்கைத் தம்பி மகன் சொல்லிக்கொண்டு வந்தபோது என் சிந்தை எங்கோ சென்றுவிட்டது. என் ஐயா புகையிலை செய்தவர். இலை வெட்டி, புகையூட்டி, பதமாக்கிச் சிப்பங் கட்டும் கைத்திறனில் அவருக்கு ஊரிலே பெயர் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வருடமும், விலை ஏறும்வரை வைத்திருக்க அவரால் முடிந்ததில்லை. உரத்துக்கு வாங்கிய கடனும் எங்கள் பாடசாலைச் செலவும் வாசலில் நிற்கும். தரகர் வந்து ஒரு விலை சொல்லுவார். ஐயா ஒன்றும் பேசாமல் தலையசைப்பார். ஆகவே நான் கேட்டேன்: "மூன்று வருடம் காத்திருந்து விற்பதென்றால், அதுவரை அந்தக் கமக்காரன் எதைச் சாப்பிட்டான்?"

அக்கேள்விக்குரிய விடையே லாங்கே குன்றுகளின் சரித்திரம். இன்று செல்வம் கொழிக்கும் அவ்விடம் ஒரு காலத்தில் வறியோரின் நாடு. அக்குன்றுகளிலே 1908ஆம் ஆண்டு பிறந்த செசாரே பாவேசே என்னும் எழுத்தாளர் தம் நாவலிலே காட்டுவதும் அந்த வறுமையையே. பரோலோவை அரசர்களின் மது என்று புகழ்ந்தனர். பெருநிலமும் ஆழ்ந்த நிலவறையும் உடைய பிரபுக்கள் காத்திருக்க வல்லவராயிருந்தனர். சிறு கமக்காரனோ பழம் பறித்தவுடன் சந்தைக்குக் கொண்டுசென்று வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தான். பழம் அழுகும் பொருளாதலால் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. பார்பரெஸ்கோ ஊரவர்க்கு இன்னுமொரு நட்டம் இருந்தது. அவர்களுடைய நெபியோலோப் பழம் பரோலோ செய்வதற்கென விற்கப்பட்டு வந்தது. உழைப்பு அவர்களுடையது, பெயர் அயலூருடையது.

இந்நிலையை மாற்ற முன்வந்தவர் தொமீத்சியோ காவாத்சா. அல்பாவிலிருந்த அரச மதுவியற் கல்லூரியின் தலைமை ஆசிரியர் அவர். 1894ஆம் ஆண்டு ஒன்பது தோட்டக்காரரை ஒன்றுசேர்த்து, ஊரிலே தமக்கிருந்த கோட்டையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பார்பரெஸ்கோ என்னும் பெயரோடு மது உலகுக்கு வரத் தொடங்கியது அப்பொழுதுதான். ஆயின் பாசிச ஆட்சிக்காலத்தின் பொருளாதார விதிகளால் அச்சங்கம் மூடுண்டது. கமக்காரர் மீண்டும் தனித்தனியாயினர்; இளைஞர் பலர் நகரத்துத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர்.

1958ஆம் ஆண்டு அவ்வூர்ப் பங்குச் சுவாமியார் தொன் பியொரினோ மாரெங்கோ 19 சிறு தோட்டக்காரரை அழைத்தார். தனித்து நின்றால் ஊர் அழியும், சேர்ந்து நின்றால் வாழும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சங்கத்துக்குக் கட்டடம் இல்லை. கோவிலின் நிலவறையிலேயே முதல் மூன்று வருட மதுவும் ஆக்கப்பட்டது. பின்னர் கோவில் முற்றத்துக்கு எதிரே சொந்தக் கட்டடம் எழுந்தது. இன்றும் சங்கம் அங்கேயே நடைபெறுகின்றது. 50க்கு மேற்பட்ட குடும்பங்கள் அதன் அங்கத்தவர்கள். தம் நெபியோலோப் பழம் முழுவதையும் சங்கத்துக்கே ஒப்படைப்பது அவர்கள் கொண்ட ஒழுங்கு. நிறையை மாத்திரமன்றித் தரத்தையும் பார்த்தே பணம் கொடுக்கப்படுகின்றது. தனி மனிதன் காக்க முடியாத அத்தனை மாதங்களையும் சங்கம் அவனுக்காகக் காத்திருக்கின்றது.

காத்திருக்க மனமின்றிக் குறுக்குவழி தேடியவர்களும் அம்மாகாணத்திலே இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டு மலிவான மதுவின் வேகத்தைக் கூட்டுவதற்காக மெதனோல் என்னும் நஞ்சைக் கலந்து விற்ற கொடுமை வெளிப்பட்டது. 20 பேருக்கு மேல் இறந்தனர். கண்பார்வை இழந்தோரும் உளர். ஒருசிலர் செய்த பாவம் இத்தாலிய மது அனைத்தின் மேலும் விழுந்தது. அதன்பின்பு சோதனைகள் கடுமையாயின.

பஞ்சம் நீங்கியதற்கு மது மாத்திரம் காரணமன்று. அல்பாவிலே 1946ஆம் ஆண்டு தோன்றிய பெரேரோ நிறுவனம், நம் பிள்ளைகள் பாணிற் பூசி உண்ணும் நுத்தெல்லாவை ஆக்குவது, குன்றுகளிலிருந்து தொழிலாளரைப் பஸ் வண்டிகளில் ஏற்றிச் சென்று மாலையில் வீட்டிலே விட்டது. அதனால் அவர்கள் ஊரையும் தோட்டத்தையும் கைவிடாதிருந்தனர். 1980ஆம் ஆண்டு பரோலோவும் பார்பரெஸ்கோவும் இத்தாலிய அரசின் அதியுயர் தர உத்தரவாதத்தைப் பெற்றன. 2014ஆம் ஆண்டு அத்தோட்டங்களின் நிலக்காட்சியை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

சங்கத்துக் கடையிலே எங்கள் முன் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைக்கப்பட்டது. நான் அருந்தவில்லை, அருந்துங்கள் என்று எவருக்கும் சொல்லவும் மாட்டேன். முகர்ந்து மட்டும் பார்த்தேன். உலர்ந்த ரோசா இதழின் மணமும், அதன் கீழே வீதிக்கு ஊற்றும் கீலின் மணமும் வந்தன. அனுபவமுள்ளோர் நெபியோலோவுக்குச் சொல்லும் இலக்கணமும் அதுவே என்றான் தம்பி மகன். அவன் ஒரு வாய் பருகி, "இன்னும் துவர்க்கிறது, பெரியப்பா, இன்னும் சில வருடம் வைத்திருக்க வேண்டும்" என்றான்.

வெளியே வந்தபோது பனி விலகியிருந்தது. எதிரே கோவில். அதன் அடியிலிருந்த நிலவறையை நினைத்தேன். பத்தொன்பது குடும்பத் தலைவர்கள் தங்கள் வருட உழைப்பை ஒரே தொட்டியிற் கொட்டிய அந்த முதலாவது நாளையும் நினைத்தேன். அயலவனை நம்புவது அன்று அவர்களுக்கு எளிதாயிருந்திராது. எங்கள் வீட்டுப் புகைக்குடிலும் நினைவில் வந்தது. ஐயாவின் புகையிலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. காத்திருக்கும் பலந்தான் இல்லாதிருந்தது. சேர்ந்து காத்திருப்போம் என்று அவரை அழைக்க ஒருவரும் வரவில்லை.