இரண்டாவது வன்தட்டு

என் தாயாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எனினும் தமிழில்தான் கடிதம் எழுதுவார்கள். இப்படிச் சொன்னால் இக்காலப் பிள்ளைகள் வியப்படைவார்கள். நம் முன்னோர் இல்லங்களில் வளர்ந்தோருக்கு இதில் வியப்பேதும் இராது. குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி, வலமிருந்து இடமாகத் தமிழை எழுதிவந்த அரபுத் தமிழ் மரபு நம்முடையது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்மணிகள் பலர் அந்த எழுத்தால்தான் கடலுக்கு அப்பால் இருந்த கணவன்மாரோடு பேசினார்கள்.

வாப்பா அவர்கள் ஜித்தாவில் இருந்த காலத்தில் உம்மா எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ அறுநூறு பக்கங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. பின்னாளில் கேசட் வந்தபோது, எழுதியதோடு பேசியும் அனுப்பினார்கள். அப்படி நாற்பது கேசட்டுகள். வாப்பா அவற்றில் ஒன்றையும் எறியாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இருவரும் மறைந்த பிறகு அந்த அமானிதம் என் கைக்கு வந்தது.

ஆறுமுகநேரி உப்பளங்கள் சூழ்ந்த ஊர். இங்கே காற்றிலும் உப்பு உண்டு. சன்னல் கம்பி துருவேறும், பூட்டு இறுகிவிடும். தாளும் நாடாவும் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? இந்த அச்சத்தால், 2006-இல் வாங்கியிருந்த வீட்டுக் கணினியில் அவற்றையெல்லாம் ஏற்றிவிட முனைந்தேன். அதிலிருந்த வன்தட்டு, அதாவது நாம் ‘ஹார்டு டிஸ்க்’ என்று சொல்வது, 80 ஜிபி கொள்ளளவு உடையது. வாங்கிய நாளில் அது ஒரு சமுத்திரமாகத் தோன்றியது. ஆனால் ஒரு முழுத்தாளை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் அது ஏறக்குறைய 26 எம்பி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரக் கேசட்டைத் தரம் குறையாமல் ஏற்றினால் 600 எம்பிக்கு மேல் ஆகும். கடிதங்களும் குரலும் மட்டுமே 40 ஜிபியைத் தாண்டின. பிள்ளைகளின் திருமணப் படங்களும் சேர்ந்தபின் சமுத்திரம் குட்டையாயிற்று.

2015-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மதுரையிலிருந்து வந்த என் மருமகன், அதாவது என் ராத்தாவின் மகன், “மாமா, புதுக் கணினி எதற்கு? இதிலேயே இன்னொரு வன்தட்டைச் சேர்த்துவிடலாம்” என்றான். 500 ஜிபி உள்ள தட்டு ஒன்றைத் தூத்துக்குடியில் வாங்கிவந்தான்.

அந்த வேலை கடினமானதன்று. ஆனால் பதற்றம் கூடாதது. மின் இணைப்பை முற்றிலும் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். உடலில் தங்கியிருக்கும் மின்னூட்டம் தகட்டைக் கெடுக்காதிருக்க, முதலில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளச் சொன்னான். பழைய தட்டு அகன்ற நாடாக் கம்பியால் இணைக்கப்பட்டது. புதியதோ ‘சாட்டா’ எனும் மெல்லிய கம்பிக்கு உரியது. நல்லவேளையாகத் தாய்ப்பலகையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் முனை மட்டும் பொருந்தவில்லை. அதற்கு ஒரு சிறு மாற்றுக்கம்பி வேண்டியதாயிற்று. தட்டைச் சட்டத்தில் பொருத்தி நான்கு திருகாணிகளை முடுக்கினான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு அது. தளர்வாக இருந்தால் அதிரும்.

கணினியை இயக்கியதும் புதிய தட்டு தானாகத் தோன்றிவிடாது. அதைப் பண்படுத்தி, பெயரெழுத்துக் கொடுத்த பிறகே அது கோப்புகளை ஏற்கும். அதற்கான திரையில் இரண்டு தட்டுகளும் அருகருகே நின்றன. பண்படுத்துவது என்றால் தட்டில் இருப்பதைத் துடைப்பது. விண்டோஸ் தான் குடியிருக்கும் ‘சி’ பகுதியைத் துடைக்க விடாது; ஆனால் உம்மாவின் கடிதங்கள் இருந்த ‘டி’ பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. “மாமா, அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்” என்றான் மருமகன். 500 என்று வாங்கியது திரையில் 465 என்று காட்டியது. செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கணினி 1024 வீதம் எண்ணுகிறது என்று விளக்கினான். 80 என்பது 74 ஆக நின்றது. இரண்டையும் மும்முறை ஒப்பிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, பெரிய எண்ணின்மேல் அழுத்தினேன்.

மாலையில் ராத்தா வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அரபுத் தமிழைத் தடையின்றி வாசிக்க இன்று அவர்கள் ஒருவரே இருக்கிறார்கள். நான் பெருமையோடு, “எல்லாவற்றையும் புதிய தட்டுக்கு மாற்றிவிட்டேன் ராத்தா” என்றேன்.

“மாற்றினாயா, இன்னொரு படி எடுத்தாயா?” என்று கேட்டார்கள்.

நான் விழித்தேன். பழைய தட்டில் இடம் காலியாக வேண்டுமென்று, கோப்புகளை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்திருந்தேன். தட்டு இரண்டாயிற்று, கடிதம் ஒன்றாகவே இருந்தது. மருமகன் நாக்கைக் கடித்துக்கொண்டு, அன்றிரவே அவற்றைப் பழைய தட்டிலும் திரும்பப் பதித்தான்.

ராத்தா அதோடு விடவில்லை. “இரண்டும் ஒரே பெட்டிக்குள்தானே தம்பி இருக்கின்றன? பெட்டியைக் கள்ளன் தூக்கினால்? இடி விழுந்தால்?” என்றார்கள். பிறகு, நாம் அனைவரும் அறிந்த வரலாற்றை நினைவூட்டினார்கள். யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்த, ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஹஜ்ரத் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அதை ஒன்றுதிரட்டினார்கள். அந்த ஏடு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பத்திரமாகவே இருந்தது. ஆயினும் ஓதுவதில் வேற்றுமை எழுந்த காலத்தில், ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் அதிலிருந்து பல படிகள் எடுக்கச் செய்தார்கள். “எடுத்த படிகளை மதீனாவிலேயே அடுக்கி வைத்தார்களா? கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் ஷாமுக்கும் அனுப்பினார்கள் அல்லவா?” என்றார்கள் ராத்தா. இறைவேதத்தோடு நம் கடிதங்களை ஒப்பிட முடியாது. ஆயினும் காப்பாற்றும் முறையைப் பெரியோரிடம்தானே கற்க வேண்டும்?

மறுநாள் மருமகன் கையடக்கமான வெளித்தட்டு ஒன்றில் மூன்றாவது படி எடுத்து மதுரைக்குக் கொண்டுபோனான். உள்ளூர எனக்கு அது தேவையற்ற செலவாகவே பட்டது.

2023 டிசம்பர் 17 இரவை எங்கள் கரையோரத்தார் எவரும் மறவார். அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருகியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. முதலில் குழந்தைகளையும் குர்ஆனையும் மாடிக்கு ஏற்றினோம். மேசைக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டி எவர் நினைவுக்கும் வரவில்லை. இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடந்த கடிதக் கட்டும் கேசட்டுகளும் அப்படியே மூழ்கின.

நீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தேன். இரண்டு தட்டுகளின்மீதும் ஒரே சேறு. வன்தட்டு காற்றுப் புகாமல் மூடப்பட்டதன்று; வடிகட்டி வைத்த ஒரு நுண்துளை அதற்கு உண்டு. நனைந்த தட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் மிஞ்சியதும் கெடும் என்பதால் அதை இயக்கவில்லை. கடிதங்களில் மை கரைந்து, தாள்கள் நீலம் பாய்ந்த பஞ்சாகியிருந்தன. அந்தத் திண்ணையில் அமர்ந்து நான் அழுததை மறைக்க விரும்பவில்லை.

தொலைபேசி மீண்டும் உயிர்பெற்ற அன்று மருமகன் அழைத்தான். “மாமா, இதைக் கேளுங்கள்” என்றான். மறுமுனையில் உம்மாவின் குரல்! “நாங்கள் எல்லாரும் சுகம், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அறுநூறு பக்கமும் நாற்பது கேசட்டும் மதுரையில் நலமாக இருந்தன.

இப்போது படிகள் மூன்று ஊர்களில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறோம்; திறக்காத தட்டு நலமாக இருப்பதாக நம்பிவிடக் கூடாது. இன்னொன்றும் செய்கிறோம். வெள்ளிதோறும் அஸருக்குப் பிறகு ராத்தா தம் பேத்திக்கு அந்தக் கடிதங்களைக் கொண்டே அரபுத் தமிழ் கற்றுக்கொடுக்கிறார்கள். வாசிப்பார் இல்லையேல் எந்தத் தட்டில் இருந்தும் பயன் என்ன?

உங்கள் இல்லங்களிலும் பெட்டியடியில் இத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். படி எடுங்கள், எடுத்த படியை வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். போன வாரம் அந்தச் சிறுமி முதல் கடிதத்தின் முதல் வரியை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். அது ஸலாமில் தொடங்கியது.