ஜெரமி லின்: கண்ணெதிரே இருந்தும் தெரியாத ஆட்டக்காரர்

அமெரிக்காவில் கூடைப்பந்தில் பெரிய ஆளாவதற்கு ஒரு ராஜபாட்டை உண்டு. முதலில் பள்ளியில் பிரமாதமாக ஆட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு கல்லூரிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள். "ஃபீஸ் வேண்டாம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எங்கள் செலவு, எங்களுக்காக ஆடினால் போதும்" என்பார்கள். கல்லூரியிலும் நன்றாக ஆடினால் கடைசியில் 'டிராஃப்ட்' வரும். என்.பி.ஏ. அணிகள் முறை வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆட்களை எடுத்துக்கொள்ளும் நாள் அது. (நம்ம ஐ.பி.எல். ஏலம் மாதிரிதான், ஆனால் விலை கேட்பது கிடையாது.) அங்கே பெயர் வந்துவிட்டால் வாழ்க்கையே வேறு!

ஜெரமி லின் இந்தப் பாதையின் முதல் பகுதியைச் சரியாகச் செய்தார். பள்ளியில் பிரமாதமாக ஆடினார். அதற்குப் பிறகு வர வேண்டிய எதுவும் வரவில்லை. கல்லூரிகள் தேடி வரவில்லை, டிராஃப்டில் பெயர் வரவில்லை, சேர்த்துக்கொண்ட அணிகளும் கழற்றிவிட்டன. அப்படியிருந்தும் 2012 பிப்ரவரியில் இரண்டு வாரம் கூடைப்பந்து உலகம் இவர் பெயரை மட்டுமே பேசியது. எப்படி?

லின்னின் அப்பா, அம்மா இருவரும் 1970களில் தைவானிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள். அப்பா கம்ப்யூட்டர் என்ஜினியர். அவருக்குக் கூடைப்பந்து என்றால் உயிர், ஆனால் சொல்லித்தர ஆள் கிடையாது. என்.பி.ஏ. ஆட்டங்களை வீடியோ டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கரீம் அப்துல் ஜப்பார், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் என்று ஒவ்வொருவரும் எப்படி ஆடுகிறார்கள் என்று திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கற்றதைத் தன் மூன்று பையன்களுக்கும் பக்கத்திலிருந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார். நடுப்பையன்தான் ஜெரமி, 1988இல் பிறந்தவர். வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுப்பாடம் முடிந்தால்தான் பந்து!

இதில் நமக்கு ரொம்பப் பழக்கமான ஒரு காட்சியும் உண்டு. "பையனை இப்படி விளையாட விடுகிறாயே, படிப்பு என்னாகும்?" என்று அம்மாவின் தோழிகள் கேட்டார்களாம். பையனுக்குப் பின்னால் ஹார்வர்டில் இடம் கிடைத்ததும் அதே தோழிகள், "எங்கள் பிள்ளைகளை எந்த விளையாட்டில் சேர்க்கலாம்?" என்று கேட்டு வந்தார்களாம். தைவானாக இருந்தால் என்ன, நம் தெருவாக இருந்தால் என்ன!

கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளி. கடைசி வருடம், 2005-06இல், லின்தான் கேப்டன். அந்த சீசனில் அணி ஆடிய 33 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று. மாநில இறுதிப் போட்டியில் எதிரணி மாட்டர் டே என்ற பள்ளி. நாடு முழுக்கப் பெயர் பெற்ற அணி, ஆட்களும் நெட்டை நெட்டையாக இருந்தார்கள். பாலோ ஆல்டோ ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 51-47 என்று ஜெயித்தது. வடக்கு கலிஃபோர்னியாவில் அந்தப் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் லின்னுக்குக் கிடைத்தது.

இப்போது கல்லூரிகள் வரிசையில் நிற்க வேண்டுமா இல்லையா? அமெரிக்காவில் முதல் தரப் பிரிவில் ஆடும் கல்லூரிகள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் ஒன்றுகூட விளையாட்டு ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. லின் தன் ஆட்டத்தை டி.வி.டி.யில் போட்டுப் பல கல்லூரிகளுக்குத் தானே அனுப்பிப் பார்த்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவர் பள்ளிக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் வந்துவிடும். அங்கிருந்தும் ஸ்காலர்ஷிப் வரவில்லை. பெரிய கல்லூரிகள் அதிகபட்சம் சொன்னது, "உன் சொந்தச் செலவில் சேர், அப்புறம் அணியில் இடம் இருக்கிறதா பார்க்கலாம்" என்பதுதான். அணியில் இடம் உறுதி என்று சொன்னவை ஹார்வர்டும் பிரவுனும் மட்டும். அவை படிப்புக்குப் பேர் போனவை, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. லின் ஹார்வர்டில் சேர்ந்தார்.

ஹார்வர்டில் சேர்ந்தவன் டாக்டர், வக்கீல், பேங்கர் ஆவான், என்.பி.ஏ.வுக்கா போவான்? அதற்கு முன் ஹார்வர்டிலிருந்து என்.பி.ஏ.வுக்குப் போனவர் ஆடி முடித்தது 1950களில். லின் நான்கு வருடம் ஆடினார், பொருளாதாரத்தில் பட்டமும் வாங்கினார். 2009 டிசம்பரில் கனெக்டிகட் என்ற பலமான அணிக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார். வெளியூர் ஆட்டங்களில் எதிரணி ரசிகர்கள் அவர் கண்ணைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் கத்துவார்கள். சில சமயம் எதிரே ஆடுகிறவர்களே சொன்னார்கள். இதையெல்லாம் பின்னாளில் லின்னே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2010 ஜூன், டிராஃப்ட் நாள். மொத்தம் 60 பெயர் வாசிக்கப்பட்டது. லின் பெயர் அதில் இல்லை.

டிராஃப்டுக்கு முன் அணிகள் ஆட்களை வரவழைத்து ஆடவிட்டுப் பார்க்கும். அங்கே ஒருவருக்கு ஒருவர், இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்றுதான் ஆடச் சொல்வார்கள். லின்னின் பலமோ ஐந்து பேர் ஓடும் நெரிசலில் யார் எங்கே போகப்போகிறார் என்று முன்கூட்டியே கண்டு பந்தைக் கொடுப்பது. பரீட்சையில் அந்தக் கேள்வியே வரவில்லை. வராத கேள்விக்கு எப்படி மார்க் வாங்குவது?

ஆனால் கவனித்தவர்களும் இருந்தார்கள். சரக்கு வண்டி ஓட்டும் ஒரு ரசிகர், ஓய்வு நேரத்தில் புள்ளிவிவரங்களை அலசுகிறவர், "இந்த ஹார்வர்டு பையன் என்.பி.ஏ.வில் தேறுவான்" என்று 2010லேயே எழுதியிருந்தார். அதைவிட வேடிக்கை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் கதை, அது பின்னால்.

டிராஃப்டில் விடுபட்டவர்களுக்குக் கோடைக்கால ஆட்டங்கள் உண்டு. டல்லாஸ் அணி அவரைக் கூப்பிட்டது. அங்கே ஐந்துக்கு ஐந்து! எதிரே அந்த வருட டிராஃப்டின் முதல் ஆள் ஜான் வால். கடைசிப் பகுதியில் லின் ஜான் வாலையே மிஞ்சி ஆட, அரங்கம் லின் பக்கம் சாய்ந்தது. அதன் பலனாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் இடம் கிடைத்தது. ஆனால் ஒரு சீசனில் ஆடியது 29 ஆட்டம், அதுவும் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள். நடுவே மூன்று முறை ரெனோ நகரத்துச் சிறிய லீக் அணிக்கு அனுப்பப்பட்டார்.

2011 டிசம்பர் 9. வாரியர்ஸ் கழற்றிவிட்டது. மூன்று நாளில் ஹூஸ்டன் எடுத்துக்கொண்டது. டிசம்பர் 24, ஹூஸ்டனும் கழற்றிவிட்டது. நல்ல கிறிஸ்துமஸ் பரிசு! மறுநாள் நியூயார்க் நிக்ஸ் அணியின் இமான் ஷம்பர்ட்டுக்கு முழங்காலில் அடிபட, அவசரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. 27ஆம் தேதி நிக்ஸ் லின்னைச் சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்டதே தவிர, நிலைப்போம் என்ற நம்பிக்கை கிடையாது. பிப்ரவரி 10 தாண்டினால்தான் சீசன் முழுக்கச் சம்பளம் உறுதி. அதனால் லின் வீடே பிடிக்கவில்லை, நியூயார்க்கில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டு சோஃபாவில் படுத்துக்கொண்டார். ஜனவரியில் மறுபடியும் சிறிய லீக். அங்கே ஒரே ஆட்டத்தில் 28 புள்ளி, 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் பெஞ்ச்.

பிப்ரவரி 4. நிக்ஸ் அதுவரை ஜெயித்தது 8, தோற்றது 15. அந்த வருடம் சம்பளத் தகராறில் சீசன் தாமதமாக ஆரம்பித்ததால் ஆட்டங்களை நெருக்கி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் களைப்பு, பலருக்குக் காயம். கோச் மைக் டி'அன்டோனிக்கு வேறு வழியில்லை, பெஞ்சிலிருந்த லின்னை இறக்கினார். நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிராக 25 புள்ளி, 7 அசிஸ்ட், வெற்றி.

அதற்கப்புறம் நடந்ததை சினிமாவில் வைத்தால் "ஓவரா இருக்கு" என்போம். அடுத்த ஆட்டத்தில் 28. அதற்கடுத்து 23. பத்தாம் தேதி கோபி பிரையன்ட்டின் லேக்கர்ஸ் வந்தது. லின்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் கோபி. அன்றைக்கு கோபி 34, லின் 38! பதினான்காம் தேதி டொரொன்டோவில் ஆட்டம் சமநிலை, அரை விநாடி மிச்சமிருக்க மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டு ஜெயித்தார். எதிரணி ஊர்க்காரர்களே எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். வரிசையாக ஏழு வெற்றி. 'லின்சேனிட்டி' என்று ஒரு புது வார்த்தையே பிறந்தது. பிறகு ஒரு தோல்வி வந்ததும் ஒரு பெரிய விளையாட்டுத் தளம் இனத்தைக் கேலி செய்யும் தலைப்பைப் போட்டு, மன்னிப்புக் கேட்டு, ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியதும் இதே இரண்டு வாரத்தில்தான்.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, கடின உழைப்பு ஒருநாள் ஜெயிக்கும்" என்று சொல்லத் தோன்றும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உழைப்பு லின்னைத் தயாராக வைத்திருந்தது, அவ்வளவே. வாய்ப்பைக் கொடுத்தது ஷம்பர்ட்டின் முழங்கால், நிக்ஸின் தோல்விகள், ஒரு கோச்சின் வேறு வழியின்மை. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் ஆறு நாளில் பெட்டியைக் கட்டியிருப்பார். ஆட்டம் அதே ஆட்டம்தான்!

அப்படியானால் அத்தனை நிபுணர்களுக்கும் ஏன் தெரியவில்லை? இங்கேதான் ஹூஸ்டன் கதை. மைக்கேல் லூயிஸ் 2016இல் எழுதிய 'தி அன்டூயிங் பிராஜெக்ட்' புத்தகத்தில் ராக்கெட்ஸின் பொது மேலாளர் டேரில் மோரி இதை மனம் விட்டுப் பேசியிருக்கிறார். அவர் கண்ணை நம்பாதவர், கணக்கை நம்புகிறவர். அவருடைய கணக்கு 2010லேயே, லின்னைப் பதினைந்தாவது ஆளாக எடுக்கலாம் என்று சொன்னது. ஆனால் நேரில் பார்த்தவர்கள் யாருக்கும் அவர் வேகமானவராகத் தெரியவில்லை. மோரி கணக்கை விட்டுக் கண்ணை நம்பினார். ஒரு வருடம் கழித்து, ஆட்டக்காரர்கள் எடுத்து வைக்கும் முதல் இரண்டு அடியின் வேகத்தை அந்த அணி அளக்க ஆரம்பித்தது. அளந்தவர்களிலேயே வேகம் அதிகம் லின்னுக்கு! நான் உட்பட எல்லோரும் அவரை உடல் திறன் குறைந்தவர் என்று நினைத்தோம், அவர் ஆசியர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தோன்றவில்லை என்ற பொருளில் மோரி ஒப்புக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, வேண்டுமென்று ஒதுக்கவும் இல்லை. நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள் கண்ணெதிரே ஒருவர் ஓடுகிறார். அவர்கள் மனதில் இருக்கும் ஆட்டக்காரனின் படத்தோடு இந்த முகம் பொருந்தவில்லை. அதனால் அந்த வேகம் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. வெறுப்பை எதிர்த்துச் சண்டை போடலாம். இதை எதிர்த்து எப்படிப் போடுவது?

அதன் பிறகு லின்னின் பாதை நேராக ஏறவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சையோடு அந்த சீசன் முடிந்தது. கழற்றிவிட்ட அதே ஹூஸ்டன், மூன்று வருடத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது! பிறகு பல அணிகள், பெரிய காயங்கள். 2019இல் டொரொன்டோ அணியோடு சாம்பியன், அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசிய அமெரிக்கர். ஆனால் இறுதித் தொடரில் அவர் களத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதே கோடையில் தைவானில் ஒரு மேடையில், என்.பி.ஏ. தன்னைக் கைவிட்டுவிட்டது போல இருக்கிறது என்று சொல்லி அழுதார். அப்படியும் நிறுத்தவில்லை. பெய்ஜிங்கில் ஆடினார், மறுபடி அமெரிக்காவில் சிறிய லீக்கில் ஆடினார், கடைசியில் பெற்றோரின் தைவானில் தம்பியோடு ஒரே அணியில் ஆடி, பட்டமும் வென்று, 2025இல் ஓய்வு பெற்றார்.

லின்னுக்கு ஒரு பிப்ரவரி 4 கிடைத்தது. அதனால்தான் அவரைத் தவறவிட்டோம் என்று நிபுணர்களுக்கே தெரிய வந்தது. அப்படி ஒரு நாள் கிடைக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி எந்தக் கணக்கும் இல்லை. தவறவிட்டோம் என்பதே அவர்கள் விஷயத்தில் யாருக்கும் தெரியாது. நம் வகுப்பில், நம் தெரு கிரவுண்டில் "இவனுக்கு இதெல்லாம் வராது" என்று பார்த்த மாத்திரத்தில் நாம் முடிவு கட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களை ஒரு முறையாவது களத்தில் இறக்கிப் பார்த்தோமா?